இரண்டாம் எண் அலமாரி

விழா மலர்களில் நிறுவன வரலாறு எழுதுவதற்கு ஒரு வழக்கமான நடை உண்டு. முதலில் நிறுவியவரின் பெருமை, அடுத்துக் கட்டடம் எழும்பிய கதை, பிறகு தலைவர் செயலாளர் வரிசை, ஊடே பெரிய வித்வான்கள் வந்து வாசித்துப்போன ஆண்டுகள். ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள டிரெஸ்டன் நகர இசைக்குழுவுக்கு அப்படி எழுத உட்கார்ந்தால் மலர் முழுதும் அதற்கே போய்விடும். சாக்சனியை ஆண்ட எலெக்டர் மோரிட்ஸ் 1548 செப்டம்பர் 22 அன்று நிறுவிய குழு அது. ஹைன்ரிஷ் ஷூட்ஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் அதனோடு இருந்தார். 1817இல் வேபர் பொறுப்பேற்றார். 1843இல் வந்த வாக்னர் 1849 மே மாதக் கிளர்ச்சியில் சேர்ந்துகொண்டு, பிறகு ஊரைவிட்டே ஓடினார். ரிஷார்ட் ஸ்ட்ராஸின் ‘சலோமே’, ‘எலெக்ட்ரா’, ‘ரோசன்கவாலியர்’ மூன்றும் முதன்முதலில் மேடையேறியது இந்தக் குழுவின் வாசிப்பில்தான். ஸ்டாட்ஸ்கபெல்லே டிரெஸ்டன் என்ற பெயரில் இன்றும் வாசித்துவரும் இந்தக் குழு, 2023இல் 475 ஆண்டு நிறைவைக் கண்டது.

பட்டியல் இவ்வளவு போதும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது 1709 முதல் 1755 வரையுள்ள காலமும், அது விட்டுச்சென்ற ஓர் அலமாரியும். அரசவை இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் ஓபராவுக்கும் திருப்பலி இசைக்கும் முன்வரிசை கிடைக்கும். ஒரு வயலின், அதற்குத் துணையாக ஒரு பாஸ் வரி, அவ்வளவே கொண்ட சொனாட்டாவுக்கு அடிக்குறிப்பில் இடம் கிடைத்தால் பெரிது. ஆனால் டிரெஸ்டன் குழு உள்ளே எப்படி வேலை செய்தது என்பதை அந்தச் சின்ன உருப்படிகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. ஓபரா வெளியாருக்காக நடந்தது. சொனாட்டாவோ குழுவுக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டது.

அந்த உருப்படியைத் தாளில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டே வரி. மேல் வரி வயலினுக்கு. கீழ் வரி பாஸ் ஸ்வரங்களுக்கு. அவற்றின் தலைமேல் அங்கங்கே 6, 7, 4, 3 என்று பொடி எண்கள். கீழ் வரியை வாசிப்பவர் ஹார்ப்சிகார்டில் உட்கார்ந்திருந்தால், இடக்கையால் எழுதிய ஸ்வரத்தையும் வலக்கையால் அந்த எண் குறிக்கும் சேர்க்கை ஸ்வரங்களையும் வாசிப்பார். எந்த ஸ்தாயியில், எத்தனை விரலால், எவ்வளவு நிரப்பி என்பதெல்லாம் அவர் பாடு. கூடவே ஒரு செல்லோவோ வயலோனேயோ பாஸ் வரியை நீளமாக இழுத்துக் கொடுக்கலாம். ஹார்ப்சிகார்டுக்குப் பதில் லூட்டும் இருக்கலாம். இந்தத் துணை ஏற்பாட்டுக்குத்தான் கண்டினுவோ என்று பெயர். கோரெல்லி 1700இல் ரோமில் வெளியிட்ட 12 சொனாட்டாக்களின் முகப்பிலேயே வயலினுக்குத் துணை ‘வயலோனே அல்லது செம்பலோ (ஹார்ப்சிகார்ட்)’ என்று போட்டிருக்கிறார். அந்த ‘அல்லது’ ஒரு காலத்தின் மனப்பான்மையைச் சொல்லிவிடுகிறது. எந்த வாத்தியம் என்பது அந்தந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மேல் வரியிலும் எழுதாமல் விட்டது நிறைய. மெதுவான பகுதிகளில் இசையமைப்பாளர் வெறும் நெட்டை ஸ்வரங்களை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். இடையே ஓடும் நெளிவுகளும் பிர்காக்களும் வயலின்காரர் பொறுப்பு. ஸ்வரப்படுத்திய கீர்த்தனைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடி, கமகம் ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு நம் ஊர் வாத்தியார் என்ன பதில் சொல்வாரோ, அதையேதான் அன்றைய இத்தாலிய வயலின் ஆசிரியரும் சொல்லியிருப்பார். ஆகவே ஒரு சொனாட்டாவின் பிரதி மட்டும் கைக்கு வந்தால் பாதிதான் வந்தது. யார் வாசித்தார், யாரிடம் கற்றார், துணைக்கு யார் என்பதையும் தேடிப் பிடிக்க வேண்டும். டிரெஸ்டனின் அருமை, அங்கே இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது என்பதே.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அரசவைக்குக் காசுக்குக் குறைவில்லை, ஆசைக்கும் குறைவில்லை. ‘வலியவர்’ என்ற அடைமொழி பெற்ற எலெக்டர் அகஸ்டஸ், போலந்தின் மணிமுடிக்காக 1697இல் கத்தோலிக்கராக மாறியிருந்தார். சாக்சனியோ லூத்தரன் நாடு. அவருடைய மனைவியே மதம் மாற மறுத்துவிட்டார். புது மதத்துக்குப் புது வழிபாட்டு இசை வேண்டும், போலந்து அரசர் என்ற புதுப் பெருமைக்கு ஏற்ற கேளிக்கை வேண்டும். இரண்டுக்கும் இசைக்குழுவைப் பெருக்க வேண்டியிருந்தது. 1709இல் பெர்லினிலிருந்து ழான் பப்திஸ்த் வொலுமியே என்பவர் கான்சர்ட்மாஸ்டராக, அதாவது வயலின் வரிசையின் தலைவராக, வந்து சேர்ந்தார். அவர் பிரெஞ்சுப் பாணிக்காரர். எல்லா வில்லும் ஒரே நேரத்தில் இறங்கி ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்ற பிரெஞ்சு ஒழுங்கை டிரெஸ்டனில் ஊன்றியவர் அவர். 1716இல் அங்கே வந்து கேட்ட குவான்ட்ஸ் என்ற இளம் வாத்தியக்காரர், எழுதிய ஸ்வரத்தைத் தப்பில்லாமல் வாசித்துவிட்டால் மட்டும் ஒருவர் நல்ல கலைஞராகிவிட முடியாது என்பது தமக்கு அப்போதுதான் உறைத்ததாகப் பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார்.

வொலுமியேவின் கீழே 1712இல் வேலைக்குச் சேர்ந்தவர் யோஹான் கேயோர்க் பிசெண்டல். இந்தக் கட்டுரையின் நாயகர் இவர்தான். 1687இல் காடோல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்து, சிறு வயதிலேயே ஆன்ஸ்பாக் அரசவையின் பாடகச் சிறுவனானார். அதிர்ஷ்டம் அங்கேயே காத்திருந்தது. பொலோன்யாவின் சான் பெட்ரோனியோ தேவாலயம் 1696இல் தன் இசைக்குழுவைக் கலைத்துவிட, அங்கே வாசித்துவந்த ஜூசெப்பே டோரெல்லி பிழைப்புத் தேடி வடக்கே வந்து ஆன்ஸ்பாக்கில் பணியாற்றினார். ஓர் இத்தாலியத் தேவாலயம் செய்த சிக்கனத்தால் ஒரு ஜெர்மானியச் சிறுவனுக்கு ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் ஆசிரியர்களில் ஒருவர் கிடைத்தார். 1709இல் லைப்சிக் போகும் வழியில் பிசெண்டல் வைமாரில் தங்கினார். அங்கே அரண்மனை ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த 24 வயது யோஹான் செபாஸ்டியன் பாக்கோடு அறிமுகமானார்.

அகஸ்டஸ் மன்னரின் மகன், பட்டத்து இளவரசர் பிரிட்ரிஷ் அகஸ்ட், அப்பாவைப் போலவே ஆடம்பரப் பிரியர். ஆனால் காது அப்பாவைவிட நல்லது. 1716இல் வெனிஸில் நீண்ட நாள் தங்கியிருந்தபோது டிரெஸ்டனிலிருந்து சில வாத்தியக்காரர்களை வரவழைத்துக்கொண்டார். பிசெண்டல், ஓபோ ரிக்டர், ஆர்கன் பெட்சோல்ட் முதலியோர் போனார்கள். (பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லாரும் பாக் எழுதியதாக நினைத்து வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட்டை உண்மையில் எழுதியவர் இந்தப் பெட்சோல்ட்தான்.) மற்றவர்களுக்கு அது உத்தியோகப் பயணம். பிசெண்டலுக்கு அது பள்ளிக்கூடம். அநாதைச் சிறுமிகளை வளர்த்துச் சங்கீதம் கற்பித்த பியெத்தா இல்லத்தில் பணியாற்றிய விவால்டியிடம் போய்ப் பாடம் கேட்டார். விவால்டிக்கு அப்போது வயது 38, மாணவருக்கு 28. பாடம் சீக்கிரமே நட்பாயிற்று. ‘பிசெண்டலுக்காகச் செய்தது’ என்று தலைப்பில் குறித்து விவால்டி தம் கையாலேயே சொனாட்டாக்களும் கான்செர்ட்டோக்களும் எழுதிக் கொடுத்தார். வெனிஸின் இன்னொரு பெரியவரான அல்பினோனியும் பிசெண்டலுக்கென்று ஒரு சொனாட்டா எழுதினார். கொடுத்தவை போக, கண்ணில் பட்டதையெல்லாம் பிசெண்டல் தாமே உட்கார்ந்து பிரதியெடுத்தார். பிறகு ரோமுக்குப் போய் மொந்தனாரியிடமும் கற்றார்.

திரும்பி வந்தபோது பிசெண்டலின் பெட்டி நிறைய இத்தாலியத் தாள்கள் இருந்தன. ஒரு தனி மனிதரின் சேகரம் அது. ஆனால் டிரெஸ்டனின் ரசனையே அந்தப் பெட்டியோடு திரும்பிற்று என்று சொன்னால் மிகையில்லை. வொலுமியே கொடுத்த பிரெஞ்சு ஒழுங்கின்மேல் இத்தாலிய வேகமும் உருக்கமும் வந்து உட்கார்ந்தன. இரண்டும் கலந்த பாணியையே பிற்காலத்தில் ‘ஜெர்மானிய ரசனை’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இனி கீழ் வரி. வெனிஸில் இளவரசர் அமர்த்திய இன்னொருவர் யோஹான் டாவிட் ஹைனிஷன். சட்டம் படித்து வக்கீலாகத் தொழில் பார்த்துவிட்டு, இசைக்காக இத்தாலிக்குப் போனவர். 1717இல் டிரெஸ்டனின் கபெல்மைஸ்டர், அதாவது அரசவை இசையின் தலைவர், பதவிக்கு வந்தார். கண்டினுவோ வாசிப்பைப் பற்றி அவர் 1728இல் வெளியிட்ட நூல் ஏறத்தாழ ஆயிரம் பக்கம். பொடி எண்களை எப்படி வாசிப்பது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. எண்ணே போடாத பாஸ் வரியைக் கண்டால், மேல் வரியின் போக்கையும் பாஸின் நகர்வையும் பார்த்து எந்தச் சேர்க்கை வரும் என்று ஊகிப்பது எப்படி என்பதற்கும் நெடிய பாடம் நடத்துகிறார். வக்கீல் மூளை தெரிகிறது. விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று பிரித்துக்கொண்டே போகிறார்.

லூட் வாசிக்க 1718இல் சில்வியுஸ் லேயோபோல்ட் வைஸ் சேர்ந்தார். அந்த வாத்தியத்தில் அவருக்கு மிஞ்சியவர் அன்று ஐரோப்பாவில் இல்லை. வயலோனேயில் யான் டிஸ்மாஸ் செலென்கா. அந்த மனிதர் எழுதிய திருப்பலி இசையின் மதிப்பை உலகம் உணர இரண்டு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஹைனிஷனும் வைஸும் செலென்காவும் ஒரே சம்பளப் பட்டியலில் இருந்த ஓர் அரசவையில், வயலின் சொனாட்டாவின் கீழ் வரிக்கு என்ன வளம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தாளில் நாம் பார்ப்பது அதே இரண்டு வரிதான்.

வல்லவர்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் சண்டையும் சேர்ந்தே வரும். 1717இல் பிரான்செஸ்கோ மரியா வெராசினியை இளவரசர் டிரெஸ்டனுக்கு அழைத்துவந்தார். ஃபுளோரன்ஸ்காரர், அபார வயலின்காரர், தலைக்கனத்துக்கும் பேர்போனவர். வெனிஸில் இருந்தபோதே வயலினிலோ குழலிலோ வாசிக்கும்படியான 12 சொனாட்டாக்களை இளவரசருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். 1721இல் டிரெஸ்டனிலிருந்தே தம் முதல் சொனாட்டாத் தொகுதியை அச்சிட்டார், அதுவும் இளவரசருக்கே. மறு ஆண்டு ஆகஸ்டில் மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அளவுக்கு மீறிய இசைப் பயிற்சியும் ரசவாத நூல்களின் படிப்பும் சேர்ந்து புத்தியைக் கலக்கிவிட்டதாக ஒரு கதை. பிசெண்டல் ஒரு சாதாரண பக்கவயலின்காரருக்கு ரகசியமாகப் பயிற்சி கொடுத்து, வெராசினி வாசித்த அதே உருப்படியை அரசவையில் அவரைவிட நன்றாக வாசிக்கவைத்து அவமானப்படுத்தினார் என்று இன்னொரு கதை. தம்மைக் கொல்லவே சதி நடந்ததாக வெராசினி தாமே பிற்காலத்தில் எழுதினார். மூன்றில் எது உண்மையோ, டிரெஸ்டனில் அவருடைய காலம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு நொண்டித்தான் நடந்தார். அதே 1722இல் பெத்தி என்ற பிரெஞ்சு வயலின்காரர் லூட் வைஸின் வலக்கைக் கட்டைவிரலைக் கடித்துத் துண்டாக்கப் பார்த்தார். வைஸ் பிழைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். மலர் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட செய்திகளை வெட்டிவிடுவது வழக்கம் என்பது தெரியும். ஆனால் ஒரு குழுவில் பொறாமை எவ்வளவு உச்சத்தில் இருந்தது என்பதும் அதன் தரத்துக்கு ஒரு சாட்சியே.

1728இல் வொலுமியே மறைந்ததும் பிசெண்டல் அவர் பொறுப்பை ஏற்றார். கான்சர்ட்மாஸ்டர் என்ற பதவிப் பெயர் சற்றுப் பிந்தியே வந்தது. அதன்பின் தாமே இசை எழுதுவது குறைந்துபோயிற்று. எழுதியவையும் விரல்விட்டு எண்ணத்தக்கவை: சில கான்செர்ட்டோக்கள், வயலினுக்கும் கண்டினுவோவுக்குமான சில சொனாட்டாக்கள், துணையே இல்லாத தனி வயலினுக்கு ஒரு சொனாட்டா. மீதி நேரமெல்லாம் பிறர் எழுதியதைச் சீராக்குவதில் போயிற்று. ஒரு புது உருப்படி வந்தால் ஒவ்வொரு வாத்தியக்காரரின் தாளையும் வாங்கி, எங்கே வில் இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், எங்கே ஒலி தணிய வேண்டும் என்று தம் கையால் குறித்துக் கொடுப்பார். கடைசி வரிசைக்காரரின் தாளையும் விடமாட்டார். 1731இல் வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் டிரெஸ்டன் ஓபராவை ஆண்ட ஹாசேக்கு ஐரோப்பா முழுதும் புகழ். ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில் ஹாசேயின் ஓபராக் குழு உட்காரும் முறையை வரைபடமாகவே போட்டு மெச்சினார். அந்தக் குழு அப்படி ஒன்றாக வாசித்ததற்குப் பாதிக் காரணம் பிசெண்டலின் மைக்கூடு என்றுதான் சொல்வேன்.

அதே கை சொனாட்டாத் தாள்களிலும் ஓடியிருக்கிறது. விவால்டி வெறும் நெட்டை ஸ்வரமாக விட்டுவைத்த மெதுவான பகுதிகளுக்குப் பிசெண்டல் தம் நெளிவுகளை எழுதிவைத்த தாள்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலான வயலின்காரர்கள் மேடையில் வாசித்துக் காற்றில் விட்டுவிட்டதை இவர் மட்டும் ஏன் எழுதினார்? மறதிக்குப் பயந்தா, மாணவர்களுக்காகவா? காரணம் எதுவானாலும் லாபம் நமக்கு. பரோக் கால மெதுவான பகுதியை அலங்கரிப்பது எப்படி என்று இன்று கற்பவர்கள், கோரெல்லிக்கு அச்சான அலங்காரங்களுக்கு அடுத்தபடி தேடிப்போவது இந்த டிரெஸ்டன் தாள்களைத்தான்.

1755 நவம்பர் 25 அன்று பிசெண்டல் காலமானார். அவருடைய சேகரம் அரசவைக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டே பிரஷ்யாவின் பிரெட்ரிக் சாக்சனிக்குள் படையோடு நுழைந்தார். ஏழாண்டுப் போர் தொடங்கிற்று. அதற்குள் மன்னராகியிருந்த பழைய இளவரசர் பிரிட்ரிஷ் அகஸ்ட் வார்சாவுக்குப் போய்விட்டார். 1760 ஜூலையில் டிரெஸ்டன்மேல் குண்டு மழை. அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்த ஹாசேயின் கையெழுத்துப் பிரதிகள் அதில் எரிந்துபோயின. 1763இல் போர் ஓய்ந்தது. அதே ஆண்டு மன்னரும் மறைந்தார். கஜானா காலி. ஹாசேயை ஓய்வூதியம்கூட இல்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கஷ்ட காலத்தில்தான் பெயர் தெரியாத ஒரு சிப்பந்தியோ சிலரோ உட்கார்ந்து அரசவையின் பழைய வாத்திய இசைத் தாள்களையெல்லாம் அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் காகித உறை போட்டு, மேலே ஒரே சீரான எழுத்தில் விவரம் எழுதினார்கள்: அலமாரி எண் இரண்டு, இத்தனையாவது தட்டு, இத்தனையாவது அடுக்கு, சொனாட்டா, வயலினும் பாஸும், இன்னாருடையது. எல்லாவற்றையும் கத்தோலிக்க அரசவைத் தேவாலயத்தில் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ‘ஷ்ராங்க் இரண்டு’ என்று இன்றும் இசை ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். ஏறத்தாழ 1,750 கையெழுத்துப் பிரதிகள். பிறகு யாரும் திறக்க அவசியமில்லாமல் போயிற்று. ஹைடன், மோட்சார்ட் காலத்தில் எண் போட்ட பாஸ் வரியோடு வந்த பழைய சொனாட்டா யாருக்கு வேண்டும்? தேவைப்பட்டிருந்தால் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய்த் தொலைத்திருப்பார்கள். ஹாசேயின் தாள்கள் அச்சேறும் பெருமைக்காக வெளியே எடுக்கப்பட்டதால் எரிந்தன. பிசெண்டலின் தாள்கள் நாகரிகம் மாறிப்போனதால் தப்பின.

1860 வாக்கில் அலமாரி கவனத்துக்கு வந்தது. தாள்கள் மன்னரின் சொந்த இசைச் சேகரத்துக்கும் அங்கிருந்து 1896இல் அரசுப் பொது நூலகத்துக்கும் போயின. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் நூலகம் இருந்த ஜப்பானிய அரண்மனை நொறுங்கியது. அங்கே நிலவறையில் வைத்திருந்த மாயா இனத்தாரின் புகழ்பெற்ற சுவடி தண்ணீரில் ஊறியது. இசைத் தாள்களிலும் இழப்பு நேர்ந்தது. ஆனாலும் அலமாரியின் பெரும்பகுதி மிஞ்சியது. 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பிரதியெடுத்தவர்களின் கையெழுத்துகளையும் காகிதத்தின் நீர்க்குறிகளையும் ஒப்பிட்டு, எவர் எழுதியது, எந்தக் காலத்தது என்று வகைப்படுத்தினார்கள்.

இத்தகைய வேலையின் மதிப்பு தெரிய ஒரு சகோன், அதாவது திரும்பத் திரும்ப வரும் பாஸ் வரியின்மேல் கட்டிய ஓர் உருப்படி, போதும். மொடெனாவின் டொமாசோ விட்டாலி எழுதியதாக உலகம் முழுதும் வயலின்காரர்கள் வாசிக்கும் ஜி மைனர் சகோனை 1867இல் லைப்சிக்கின் பெர்டினாண்ட் டாவிட் பியானோத் துணையோடு அச்சிட்டார். அக்கால வழக்கத்துக்கு மிக அந்நியமான சுருதி மாற்றங்கள் அதில் வருவதால், டாவிட் தாமே புனைந்து பழைய பெயர் போட்டுவிட்டாரோ என்று சந்தேகம் கிளம்பிற்று. சந்தேகத்தைத் தீர்த்தது டிரெஸ்டன் தாள். வயலினும் எண் போட்ட பாஸும் மட்டும் கொண்ட அந்தப் பிரதியை எழுதியவர் அரசவையின் பிரதியாளர் யாகோப் லிண்ட்னர். காலம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஆகவே டாவிட் நிரபராதி. ஆனால் தலைப்பிலுள்ள ‘விட்டாலினோ’ என்ற பெயரை நம்பலாமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மொடெனாக்காரரின் மற்ற இசையோடு இது ஒட்டவில்லை என்பவர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1958இல் வெளியான ‘அல்பினோனியின் அடாஜியோ’ டிரெஸ்டன் நூலகத்திலிருந்து கிடைத்த ஒரு துண்டுத் தாளை வைத்து உருவானது என்றார் ரெமோ ஜியாசோட்டோ. அப்படி ஒரு தாள் அங்கே கண்டெடுக்கப்படவில்லை. ஜியாசோட்டோவின் சொந்தப் படைப்பென்றே இன்று கொள்கிறார்கள். டிரெஸ்டன் பெயரைச் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு போலும். அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு வாங்கிக் கொடுத்ததும் அந்த அலமாரியே.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் பாக்கின் இ மைனர் சொனாட்டாவில் தொடங்கலாம். அவருடைய படைப்புப் பட்டியலில் எண் 1023. பாக்கின் கையெழுத்தில் அது கிடைக்கவில்லை. டிரெஸ்டன் பிரதி ஒன்றால்தான் நமக்கு வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் பாஸ் ஒரே ஸ்வரத்தை 29 தாள அளவுகள் பிடித்துக்கொண்டு நிற்க, வயலின் அதன்மேல் மூச்சுவிடாமல் ஓடும். கண்டினுவோ வாசிப்பவர் அந்த ஒற்றை ஸ்வரத்தின்மேல் என்ன கட்டுகிறார் என்பதில் ஒவ்வொரு இசைத்தட்டும் வேறுபடும். இரண்டு மூன்று பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பது நல்லது. அடுத்த எண்ணான 1024, சி மைனர் சொனாட்டா, பாக்கின் பெயரில் பட்டியலில் இருந்தாலும் அவருடையதுதானா என்பது ஐயம். பிசெண்டலே எழுதியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர் சிலர். மூன்றாவதாக விவால்டி பிசெண்டலுக்காக எழுதிய ஏ மேஜர் சொனாட்டா, பட்டியல் எண் 29. மெதுவான பகுதி வரும்போது கையில் டிரெஸ்டன் நூலகத்தின் இணையப் படம் இருந்தால், எழுதியிருப்பது எது, வயலின்காரர் சேர்த்தது எது என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.